இழுப்பு வரும், போகும், ஆஸ்துமா இருக்கும்



தமிழில் ஆஸ்துமாவைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்கி அதே வாக்கியத்தில் முடிகின்றன: மூச்சுக்குழாய் சுருங்குவதால் வருவது ஆஸ்துமா. இது பொய்யன்று, பாதி உண்மை. ஆனால் மருத்துவத்தில் பாதி உண்மைக்கு முழு விலை கொடுக்க நேர்கிறது. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா உள்ளது. உலக எண்ணிக்கையில் இது 13 விழுக்காட்டளவு. ஆனால் உலகில் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் நம் நாட்டின் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். இந்த இடைவெளி மருந்து கண்டுபிடிக்கப்படாததால் நேர்ந்ததன்று. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு 1972 முதல் உலகில் இருக்கிறது. வறுமை, தொலைவு, புகை, நோயறிதலில் தாமதம் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பல்கலைக்கழகங்களில் அமர்ந்திருக்கும் நாமே உற்பத்தி செய்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. அந்தக் காரணம் சொல்.

மொழியியல் படித்தவருக்கு மூச்சுக்குழாயில் என்ன வேலை என்று கேட்கப்படும் என்பது தெரியும். எனவே மொழியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மொழியில் இந்நோய்க்கு வழங்கும் பெயர்களைப் பாருங்கள்: இழுப்பு, இளைப்பு, இரைப்பு. மூன்றும் வினையிலிருந்து பிறந்த பெயர்கள். மூன்றும் ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கின்றன. ஒரு நிலையை அல்ல. கழக்கூட்டத்தில் என்னைச் சுற்றிப் பேசப்படும் மலையாளத்திலும் இதே கதைதான். அங்கே 'வலிவ்' என்கிறார்கள். வலித்தல் என்றால் இழுத்தல்; பழந்தமிழ் வாசிப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரு மொழிகளும் நோயை அதன் ஓசையாலும் அதன் தருணத்தாலும் மட்டுமே பெயரிட்டிருக்கின்றன.

நிகழ்ச்சிப் பெயரோடு இயல்பாக இணையும் வினைகள் 'வா', 'போ', 'நில்'. இழுப்பு வந்தது, இழுப்பு நின்றது. நிலைப் பெயரோடு இணையும் வினை 'இரு'. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. 'சர்க்கரை வந்துவிட்டது' என்றும் சொல்கிறோமே என்று நீங்கள் மறுக்கலாம். சொல்கிறோம், ஆனால் அது வாழ்வில் ஒரே முறை நேரும் வருகை. ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். 'போன மாதம் இரண்டு முறை இழுப்பு வந்தது' என்பது இயல்பான தமிழ். 'போன மாதம் இரண்டு முறை சர்க்கரை வந்தது' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். முதலாவது எண்ணத்தக்கது, இரண்டாவது எண்ணத்தகாதது. எண்ணத்தக்க நோய்க்கு எண்ணத்தக்க மருந்து: வந்தால் எடு, போனால் வை. எண்ணத்தகாத நோய்க்கு அன்றாட மாத்திரை. நீரிழிவு மாத்திரையை 'இன்று மயக்கமில்லை, எனவே வேண்டாம்' என்று நிறுத்துபவரைக் கண்டால் குடும்பமே கண்டிக்கும். 'இன்று இழுப்பில்லை, எனவே இன்ஹேலர் வேண்டாம்' என்பவரைக் கண்டால் அதே குடும்பம் மகிழ்கிறது.

மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்ற பழைய கோட்பாட்டை நான் மீட்டெடுக்கவில்லை. இலக்கணம் யாரையும் சிறையிடுவதில்லை. 'இழுப்பு' என்று சொல்லிக்கொண்டே நாள்தோறும் மருந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் கூற்று சிறியது: மருத்துவர் இரண்டு நிமிடத்தில் விளக்காமல் விட்ட இடத்தை, நோயாளி வீட்டுக்குப் போன பின் மொழி நிரப்புகிறது. எதைக் கொண்டு நிரப்புகிறது என்பதற்கு மொழியைப் பயின்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த இடத்தில் தூய தமிழ் அன்பர்கள் என்மீது சினம் கொள்ளக்கூடும். 'ஆஸ்துமா' என்ற கடன்சொல் நமக்குத் தேவை. கிரேக்கத்தில் அச்சொல்லும் மூச்சிரைப்பையே குறித்தது. ஹோமரின் காவியத்தில் அது நோயின் பெயர் அன்று. ஆனால் நம் காதுக்கு அதன் வேர் கேட்பதில்லை. வேர் கேட்காததே அதன் பயன். ஓசையிலிருந்தும் தருணத்திலிருந்தும் விடுபட்டு, 'எனக்கு ஆஸ்துமா இருக்கிறது' என்று அது இயல்பாக நிற்கிறது. அந்தப் பயனையும் நாம் இப்போது கைவிட்டு வருகிறோம். பெற்றோர் அஞ்சுவார்கள் என்று, மருத்துவ அறைகளில் 'ஆஸ்துமா' என்ற சொல் தவிர்க்கப்பட்டு 'வீசிங்' புழக்கத்துக்கு வந்துவிட்டது. 'குழந்தைக்கு வீசிங் வந்திருக்கிறது, நெபுலைசர் வைத்தால் சரியாகிவிடும்.' ஆங்கிலத்திலிருந்து ஒரு நிகழ்ச்சிப் பெயரைக் கடன் வாங்கி, இழுப்பின் இடத்தில் வைத்திருக்கிறோம். சொல் நாகரிகமாயிற்று, பிழை அப்படியே இருக்கிறது. சிறு குழந்தைகளில் எல்லா வீசிங்கும் ஆஸ்துமா அன்று என்பது உண்மை. அதைச் சொல்வது வேறு. ஆஸ்துமாவையே வீசிங் என்று மூடுவது வேறு.

சரி, இழுப்பு இல்லாத நாளில் அங்கே என்னதான் இருக்கிறது? இதற்கு விடை சொல்லக் 'குழாய்' என்ற உருவகம் போதாது. குழாய்க்குச் சுவர் உண்டு. அந்தச் சுவரைப் பற்றித்தான் உயிரணுவியல் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறது; தமிழ் ஏறத்தாழ வாய் திறக்கவில்லை.

மூச்சுக்குழாயின் உட்புறம் எபிதீலியம் என்ற செல் அடுக்கால் ஆனது. அச்செல்கள் செங்கல்போல் வெறுமனே அடுக்கப்பட்டவை அல்ல, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவை. பற்றும் கைகளில் முதன்மையானது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். இக்குடும்பத்தைக் கண்டறிந்து பெயரிட்டவர் ஜப்பானிய அறிஞர் மசாதோஷி தாகெய்ச்சி. பெயரிலேயே கால்சியம் இருக்கிறது: கால்சியம் இருந்தால்தான் இந்தக் கைகள் பற்றும்; அதை நீக்கினால் செல்கள் பிரிந்துவிடும். இதற்கு மேலே, காற்றுப்புறத்தை ஒட்டி, ஆக்லூடின், கிளாடின் முதலிய புரதங்கள் செல்களுக்கிடையேயான இடுக்கை அடைக்கின்றன. நாம் மூச்சோடு இழுக்கும் தூசும் மகரந்தமும் உடலின் நோயெதிர்ப்புச் செல்களைத் தொடாமல் தடுப்பது இந்த அடைப்பு.

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்த் திசுவை ஆராய்ந்த பல ஆய்வுகள் இந்தப் பற்று தளர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. ஈ-கேட்ஹெரின் குறைந்தும், இடுக்கடைப்புகள் குலைந்தும் காணப்படுகின்றன. குலைப்பது யார்? 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு தெளிவான ஒரு விடை தந்தது. வீட்டுத் தூசு உண்ணியின் கழிவில் உள்ள 'டெர் பி 1' என்ற பொருள் வெறும் ஒவ்வாமைப் பொருள் அன்று. புரதத்தை வெட்டும் நொதி. அது ஆக்லூடினை வெட்டி, தான் நுழைவதற்கான வழியைத் தானே திறந்துகொள்கிறது. திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றில் மெத்தையும் தலையணையும் இந்த உண்ணிக்கு ஏற்ற உறைவிடங்கள். காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சி வாழும் உயிர் அது. நம்மூர்க் கட்டுரைகள் 'தூசு ஒவ்வாது' என்ற இரு சொற்களோடு இதைக் கடந்துவிடுகின்றன. ஒவ்வாமை என்றால் உடலின் மிகைக் கோபம் என்று வாசகர் புரிந்துகொள்கிறார். சுவர் உடைக்கப்படுகிறது என்பது அவருக்குச் சொல்லப்படுவதே இல்லை. உடைந்த சுவரின் செல்கள் டிஎஸ்எல்பி போன்ற அபாய அறிவிப்புகளை வெளியிடுகின்றன என்பதும், அந்த அறிவிப்பைத் தடுக்கும் டெசபெலுமாப் என்ற மருந்து 2021இல் அமெரிக்காவில் கடும் ஆஸ்துமாவுக்கு ஒப்புதல் பெற்றது என்பதும் அவர் காதுக்கு எட்டுவதில்லை.

இது ஒரு பாதி. மறுபாதி இரத்தக்குழாயில் நிகழ்கிறது. அறிவிப்பு போன பின், இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் மூச்சுக்குழாய்த் திசுவுக்குள் வரவேண்டும். ஓடும் வெள்ளத்தில் செல்லும் ஒன்று கரையேற வேண்டுமானால் கரையில் பிடிமானம் வேண்டும். செலெக்டின் என்ற புரதங்கள் முதலில் தளர்வாகப் பிடிக்கின்றன. வெள்ளணு உருண்டு வேகம் குறைகிறது. பிறகு குழாயின் உட்சுவரிலுள்ள ஐகேம்-1, விகேம்-1 என்ற புரதங்களை வெள்ளணுவின் இன்டெக்ரின்கள் இறுகப் பற்றுகின்றன. அதன்பின் அது சுவர்ச் செல்களினூடே நுழைந்து திசுவை அடைகிறது. ஆஸ்துமாவில் இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளணு மிகுந்து குவிவதன் காரணங்களுள் ஒன்று இங்கே இருக்கிறது. இன்டர்லூக்கின்-4 உட்சுவரில் விகேம்-1ஐ மிகுவிக்கிறது. அதைப் பற்றும் விஎல்ஏ-4 என்ற கை இயோசினோஃபிலுக்கு உண்டு. நியூட்ரோஃபிலிடம் அது மிகக் குறைவு. எந்தக் கரையில் எந்தப் பிடிமானம் முளைக்கிறதோ, அதற்கேற்ற விருந்தாளி இறங்குகிறார்.

ஐகேம்-1 பற்றி இரு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணச் சளிக்காய்ச்சலைத் தரும் ரைனோவைரஸ்களில் பெரும்பிரிவு நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல் இதே ஐகேம்-1தான் என்று 1989இல் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டு, 1990இல், குரங்குகளில் ஐகேம்-1ஐத் தடுத்தபோது இயோசினோஃபில் குவிவும் மூச்சுக்குழாயின் மிகை உணர்வும் குறைந்ததைக் காட்டினார்கள். சளி பிடித்தால் ஆஸ்துமா முற்றுகிறது என்ற பாட்டிகளின் அனுபவ அறிவுக்கு மூலக்கூறு மட்டத்தில் ஒரு முகவரி கிடைத்தது. 2014இல் டென்மார்க்கின் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், சிறுவயதில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அளவு கடுமையான ஆஸ்துமாவோடு சிடிஎச்ஆர்3 என்ற மரபணுவைத் தொடர்புபடுத்தினார்கள். அது கேட்ஹெரின் குடும்பத்தின் உறவு. மறு ஆண்டே, ரைனோவைரஸ் சி வகை செல்லுக்குள் புக அந்தப் புரதத்தைப் பயன்படுத்துகிறது என்பது தெரியவந்தது.

இனி மொழிக்குத் திரும்புகிறேன். இப்புரதங்களை நம் கலைச்சொல்லாக்கம் 'செல் ஒட்டுப் புரதங்கள்' என்று பெயர்க்க விரும்புகிறது. 'ஒட்டு' எங்கள் துறையின் அன்றாடச் சொல். முன்னொட்டு, பின்னொட்டு, ஒட்டுநிலை மொழி என்று அதில்தான் புழங்குகிறோம். எனவே உரிமையோடு சொல்கிறேன்: இங்கே அது தவறான சொல். ஒட்டுதல் என்பது பசையின் செயல், ஒட்டினால் ஒட்டியதுதான். அதைவிடக் கேடு ஒன்றும் உண்டு. ஆஸ்துமா பற்றிய கட்டுரையில் 'ஒட்டு' என்று படிக்கும் வாசகரின் மனத்தில் உடனே எழுவது நெஞ்சில் ஒட்டிய சளி. புரதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சளியைப் பற்றி எழுதியதாக அவர் வாசித்துவிட்டுப் போகிறார்.

இப்புரதங்கள் செய்வது பற்றுதல். கை பற்றும், கை விடும். கேட்ஹெரின் பற்றுகிறது, தேவையானபோது விடுகிறது. காயம் ஆறும்போது செல்கள் நகர்வதும் அப்படித்தான். வெள்ளணு பற்றி, விட்டு, மீண்டும் பற்றித்தான் கரையேறுகிறது. எனவே 'செல் பற்றுப் புரதம்' என்பதை முன்மொழிகிறேன். 'நெற்றியில் பற்றுப் போடுவது' பசைதானே என்று கேட்பீர்கள். சரிதான், எந்தச் சொல்லும் மாசற்றதன்று. ஆனாலும் பற்று என்றதும் முதலில் தோன்றுவது கை. ஒட்டு என்றதும் தோன்றுவது பசை. இந்த வேறுபாடு வெறும் அழகியல் அன்று. 'ஒட்டு' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எதிரெதிரான இரு நிகழ்வுகள் மறைந்துவிடுகின்றன: ஆஸ்துமாவில் எபிதீலியத்தின் பற்று குறைகிறது, இரத்தக்குழாயின் பற்று மிகுகிறது. விடக்கூடாத கை விடுகிறது; இத்தனை பேரைப் பிடிக்க வேண்டியிராத கை பிடிக்கிறது. இதைச் சொல்ல முடியாத கலைச்சொல் அகராதியில் இருந்து என்ன பயன்?

உயிரியல் துறை நண்பர்களையும் விட்டுவிட முடியாது. 'ஆஸ்துமாவுக்குக் காரணமான புரதம் கண்டுபிடிப்பு' என்ற தலைப்புகள் செய்தித்தாளின் கைவண்ணம் மட்டும் அல்ல. பல நேரங்களில் அது ஆய்வுச்சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தில் பிறக்கிறது. 'இது சிகிச்சைக்குப் புதிய இலக்காகலாம்' என்று எழுதாமல் எந்த ஆய்வுக்கட்டுரையும் முடிவதில்லை. பற்றுப் புரதங்களின் வரலாறு இந்த வாக்கியத்துக்கு எச்சரிக்கை. ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுக்கும் நேடலிசுமாப், பல்தசை இறுக்கம் எனப்படும் நரம்பு நோய்க்காக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சில மாதங்களில், மூளையைத் தாக்கும் அரிய வைரஸ் நோய் தோன்றியதால் 2005இல் நிறுத்தப்பட்டது. கடும் கண்காணிப்பு விதிகளோடு 2006இல் திரும்பியது. எல்எஃப்ஏ-1ஐத் தடுத்து, சோரியாசிசுக்கு வழங்கப்பட்ட எஃபலிசுமாப் அதே மூளைநோயால் 2009இல் சந்தையிலிருந்தே விலகியது. பிறவியிலேயே சிடி18 என்ற இன்டெக்ரின் கூறு இல்லாத குழந்தைகள் தொற்றுகளால் ஓயாது வருந்துகிறார்கள். அவர்களின் தொப்புள்கொடி விழுவதே தாமதமாகிறது. வெள்ளணுவின் கையைக் கட்டினால் கள்வனோடு காவலனும் கட்டுண்பான். விஎல்ஏ-4ஐத் தடுத்து ஆஸ்துமாவைக் குணமாக்கும் முயற்சிகள் நடந்தன. அவற்றிலிருந்து இன்றுவரை ஒரு சிகிச்சை பிறக்கவில்லை. இதையெல்லாம் அறிந்தும் 'புதிய இலக்கு' என்று எழுதுவது அறிவியல் அன்று, சடங்கு.

அப்படியானால் இந்த நாற்பதாண்டு அறிவால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் ஏற்கெனவே கடையில் இருக்கிறது என்பதுதான் விடை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு செய்யும் பல பணிகளில் ஒன்று, ஐகேம்-1, விகேம்-1 போன்றவற்றின் மிகை உற்பத்தியைத் தூண்டும் அழற்சிச் சமிக்ஞைகளை அடக்குவது. எபிதீலியத்தின் தடுப்பாற்றல் மீளவும் அது துணைநிற்கிறது. சால்பியூட்டமால் இதில் எதையும் செய்வதில்லை. அது மென்தசையைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது, இழுப்பு நிற்கிறது. சுவர் அப்படியே இருக்கிறது. குழாயின் உருவகத்தில் சிந்திப்பவருக்குச் சால்பியூட்டமாலே மருந்து, ஸ்டீராய்டு தேவையற்ற பயம். சுவரின் உருவகத்தில் சிந்திப்பவருக்கு ஸ்டீராய்டே மருந்து, சால்பியூட்டமால் அவசர உதவி. எந்த உருவகத்தைக் கையளிக்கிறோம் என்பது இவ்வளவு பெரிய வேறுபாடு.

இது என் சொந்தக் கருத்தன்று. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுக் குழுவான ஜினா, 2019ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்ற விரைவு மருந்துகளை மட்டும் தனியே தரும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. இலேசான ஆஸ்துமா என்று கருதப்படுபவருக்கும் உயிரைப் பறிக்கும் தாக்குதல் வரலாம் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. 200 அழுத்தம் கொண்ட விரைவு இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் தாக்குதலின் அபாயம் கூடுகிறது. பன்னிரண்டோ அதற்கு மேலோ ஆனால் மரண அபாயம் கூடுகிறது. தமிழ்ச் சூழலில் எத்தனை பேருக்கு இந்த எண்கள் தெரியும்? மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். அன்று வெளிவரும் கட்டுரைகளைத் தொகுத்துப் பாருங்கள். குளிர்பானம் தவிர்க்க, தூசைத் தவிர்க்க, மூச்சுப்பயிற்சி செய்க என்ற அறிவுரைகளுக்கு நடுவே இந்த எண்களைத் தேடுங்கள்.

'நோயாளிக்குக் கேட்ஹெரின் எதற்கு? அவருக்கு வேண்டியது மருந்துதானே?' இது நான் மதிக்கும் மறுப்பு. கேட்ஹெரின் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். 'உங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவர் புண்பட்டிருக்கிறது. இழுப்பு இல்லாத நாளிலும் அது புண்பட்டே இருக்கிறது. இந்த மருந்து அந்தச் சுவருக்கானது' என்ற ஒரே வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொல்பவருக்குக் கேட்ஹெரின் தெரிந்திருக்க வேண்டும். அல்லது, தெரிந்த ஒருவர் தமிழில் எழுதியதை அவர் படித்திருக்க வேண்டும்.

'இன்ஹேலர் பழக்கமாகிவிடும், மாத்திரையே மேல்' என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். பழக்கம் என்ற சொல்லே மது, புகையிலையின் அகராதியிலிருந்து வந்தது. கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். இன்ஹேலரின் ஓர் அழுத்தம் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் நாற்பது அழுத்தத்தின் மருந்து இருக்கிறது. அது நுரையீரலுக்கு மட்டுமன்றி உடல் முழுவதும் செல்கிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கும் பக்கவிளைவுகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. குரல் கம்மலாம், வாயில் பூஞ்சை வரலாம், வாய் கொப்பளித்தால் அது பெரிதும் தவிர்கிறது. குழந்தைகளின் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவு வேறுபாடு நேரலாம் என்று நெடுங்கால ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டரையும் ஓர் உயிரையும் தராசில் வைத்துக் காட்ட வேண்டியவர்கள் நாம். நாம் காட்டாததால், ஐதராபாத்தில் ஜூன் மாதந்தோறும் உயிருள்ள மீனை விழுங்க நிற்கும் நெடுவரிசை தராசின் வேலையைச் செய்கிறது. அங்கே நிற்பவர்களை மூடர் என்று நகைப்பது எளிது. அவர்களிடம் எந்த மொழியில், எப்போது, என்ன சொன்னோம் என்று நம்மைக் கேட்டுக்கொள்வது கடினம்.

தமிழில் இதெல்லாம் இயலுமா என்ற கேள்வியை இனியும் கேட்கக் கூடாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாயின. சேலத்தில் 1916இலேயே அறிவியல் கலைச்சொல்லுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத் தொகுதிகளை வெளியிட்டது. அதன் முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்து மொழியியல் துறையைக் கட்டியவர். கழக்கூட்டத்தை அடுத்த மேனங்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியை நிறுவியவர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இதை எழுதுகிறேன் என்பதால் என் வருத்தம் கூடுகிறது. காரியவட்டம் வளாகத்தில் மொழியியலும் தமிழும் உயிர்வேதியியலும் ஒரே மரநிழலில் இருக்கின்றன. நகரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இத்தனை அருகில் இருந்தும், ஒரு துறைக்குப் புரதம் தெரியும், சொல் தெரியாது. மறுதுறைக்குச் சொல் தெரியும், புரதம் தெரியாது. நாமும் விடக்கூடாத கையை விட்ட செல்கள்தாம்.

குறை சொல்வதோடு நில்லாமல் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: உயிரியல், மருத்துவத் துறைகளில் தமிழறிந்த ஒவ்வோர் ஆய்வாளரும் தம் ஆய்வேட்டோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை இணைக்க வேண்டும். 'புதிய இலக்கு' என்ற சடங்கு வாக்கியம் அதில் இருக்கக் கூடாது. நோயாளியின் வீட்டில் இதனால் எது மாறும், எது மாறாது என்று இருக்க வேண்டும். மலையாளம் அறிந்தவர் மலையாளத்தில் எழுதட்டும்.

இரண்டு: கலைச்சொல் ஆக்குபவர்கள் சொல்லைப் பட்டியலில் இட்டதும் பணி முடிந்தது என எண்ணக் கூடாது. சொல்லைப் பத்து வாசகரிடம் கொடுத்து, 'இதைப் படித்ததும் என்ன தோன்றுகிறது' என்று கேட்க வேண்டும். ஒட்டு என்றதும் சளி தோன்றுமானால் அச்சொல் தோற்றது. ஆக்கியவர் எவ்வளவு பெரியவராயினும் தோற்றது. 'பற்று' என்ற என் முன்மொழிவையும் இதே சோதனைக்கு உட்படுத்துங்கள்.

மூன்று: நாம் எழுதும், திருத்தும், வகுப்பில் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஆஸ்துமாவை 'இரு' என்ற வினையோடு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு தேடிச் சென்ற மாத்திரைகளில் முன்னின்றவை இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமானவை. அவை 'இருக்கும்' நோய்கள் என்பதில் ஆட்சியாளருக்கும் ஐயமில்லை, மக்களுக்கும் ஐயமில்லை. கேரளம் 'ஸ்வாஸ்' என்ற பெயரில் நுரையீரல் நோய்களுக்கான தொடர் கவனிப்பை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறது, நல்ல முன்மாதிரி. வந்து போகும் நோய்க்கு எந்த அரசும் மாதந்தோறும் மருந்து அனுப்பாது. இருக்கும் நோய்க்கு அனுப்பச் சொல்லி மக்கள் கேட்பார்கள்.

இதைப் படிக்கும் ஆஸ்துமா உள்ள நண்பர்களுக்கு ஒரு சொல்: என் பதிவை நம்பி எந்த மருந்தையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எனக்கு எழுதியிருக்கும் மருந்துகளில் எது குழாயை விரிப்பது, எது சுவரைக் காப்பது?' இரண்டாவதற்கு விடை இல்லையென்றால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

மாற்றுக் கருத்துள்ளோர் கீழே எழுதுக, சான்றோடு எழுதுக. 'ஒட்டு'க்கு ஆதரவாக வாதிடும் தமிழாசிரியர்களையும், 'புதிய இலக்கு' என்று எழுதாவிட்டால் ஆய்விதழ் ஏற்காது என்று சொல்லும் ஆய்வாளர்களையும் சிறப்பாக அழைக்கிறேன். அந்த இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்விதழ் கேட்பதை ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம் என்பது, நோயாளி கேட்காமல் காத்திருப்பதைத் தமிழில் எழுதாமல் இருப்பதற்குக் காரணமாகாது.